முகத்துக்குப் பின்னால் நிற்கும் நிறம்

கல்யாண வீடியோவில் போட்டோக்களை ஓடவிடும்போது பின்னால் என்ன கலர் வைப்பது என்பது என் கடையில் ஓயாத பஞ்சாயத்து. மாப்பிள்ளை வீட்டார் நீலம் என்பார்கள். பெண்ணின் தம்பி செல்போனில் எதையோ காட்டி, “இது மாதிரி வேணும் அண்ணாச்சி” என்பான். கடைசியில் பாட்டி ஒருத்தி, “நல்ல காரியத்துல எதுக்குய்யா கறுப்பு?” என்று கேட்டு ஒரு கலரையாவது கழித்துக்கட்டுவாள். இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கோவில்பட்டியில் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்த நாளிலிருந்து இந்தத் தொழிலுக்குள்ளேயே கிடப்பவன் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னணியின் நிறத்தை முன்னால் நிற்கிற தோலும் துணியும் முடிவு செய்திருக்கின்றன. அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் தகடு, பிலிம், டேப், சிப் ஆகியவை முடிவு செய்திருக்கின்றன. இத்தனையும் போக மிச்சம் இருக்கும் சந்தில்தான் ரசனை நுழைகிறது.

நம் பக்கத்தில் பின்னணியைத் திருத்திய பழைய ஆள் யார் என்று கேட்டால், நான் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியைச் சொல்வேன். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அவர் 1858-ஐ ஒட்டி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனம் நீலத்தையும் ஊதாவையும்தான் வாங்கும். சிவப்பு, மஞ்சள் என்றால் அதற்குக் கண் தெரியாது. நீல வானமும் வெள்ளை மேகமும் ஒரே அளவு வெளிச்சமாக விழுந்து, பிரிண்டில் வானம் முழுக்க வெற்றுத்தாளாக நிற்கும். ட்ரைப் நெகட்டிவின் மேலேயே சாயம் தடவி மேகங்களை வரைந்தார். மரங்களின் தழையையும் அப்படியே தொட்டுத் திருத்தினார். 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று எடுத்த படங்களில் இந்தக் கைவேலை நன்றாகவே தெரியும். இன்று வானத்தை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அந்த மனிதர் தூரிகையால், அதுவும் நெகட்டிவில், கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மனதில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். 1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அரசாங்கத்தின் புகைப்படப் பிரிவையே மூடிவிட்டார். ஆல்பம் பில்லைப் பார்த்ததும் முகம் மாறுகிற பார்ட்டிகளைப் பார்த்துப் பழகியவன் என்பதால் ட்ரைப்பின் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

வானத்துக்கு நேர்ந்ததுதான் நம் முகத்துக்கும் நேர்ந்தது. நம் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் குறைவு. நீலத்தை மட்டும் பார்க்கிற தகட்டில் மாநிறம் கறுப்பாகும், கறுப்பு இன்னும் கறுப்பாகும். மஞ்சள் பூசிய முகம் பளிச்சென்று வராமல் மங்கி வரும். நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டாக விழும். அரக்குப் புடவை கறுப்பாகவும், வெளிர்நீலப் புடவை ஏறக்குறைய வெள்ளையாகவும் வரும். 1873-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தெரியும் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்த ஆர்த்தோ தகடுகளுக்கும் சிவப்பு தெரியாது. ஆனால் ஸ்டூடியோக்காரர்களுக்கு அதில் ஒரு சௌகரியம் இருந்தது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணால் பார்த்தபடியே கழுவலாம். அதனால் எல்லா நிறமும் தெரிகிற பிலிம் வந்த பிறகும் சின்ன ஊர் ஸ்டூடியோக்கள் ஆர்த்தோவைச் சீக்கிரத்தில் விடவில்லை.

ஸ்டூடியோக்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் இருக்குமே, அது இந்தக் கணக்கில் வந்ததுதான். பவுடர் அழகுக்கு மட்டும் போட்டதல்ல, தகட்டுக்காகப் போட்டது. முகத்தை ஒரு படி வெளுப்பாக்கினால்தான் மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியும். பின்னால் வெள்ளைத் துணி கட்டினால் முகம் அதற்கு எதிரில் இன்னும் இருண்டுபோகும். கறுப்புத் துணி கட்டினால் தலைமுடி அதில் கரைந்து, முகம் மட்டும் தனியாக மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறம் வேண்டும். அப்பா காலத்துப் பழைய ஸ்டூடியோத் திரைகள் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக இருந்ததற்கு வரைந்தவருக்கு வண்ணம் வாங்கக் காசில்லை என்பது காரணம் இல்லை. எந்த வண்ணம் பூசினாலும் தகடு அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். ஆகவே கறுப்பு வெள்ளையிலேயே வரைந்துவிட்டால், வரைந்தது வரைந்தபடியே படத்தில் வரும்.

வரைந்த திரையை முகத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற யோசனை நம்முடையது இல்லை. லண்டனில் தொழில் நடத்திய ஆன்ட்வான் க்ளோதே என்ற பிரெஞ்சுக்காரர் 1841-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டு அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கே அந்தத் திரைக்குத் தயாராக ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அது நாடகக் கம்பெனிக் கூட்டம். பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து நம் கம்பெனிகளும் சுருட்டி இறக்குகிற வண்ணத் திரைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன், நந்தவன சீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படுதா. கம்பெனி நொடித்தால் நடிகர்கள் சினிமாவுக்குப் போனார்கள். சீன் எழுதியவர்கள் காலண்டருக்கும் ஸ்டூடியோவுக்கும் வந்தார்கள்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. காலண்டர் சாமிப் படங்களால் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் எல்லாம் புகுந்த சி. கொண்டைய ராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனியில் சீன் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1976-ல் இறக்கும் வரை இந்த ஊர்தான். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய படங்களைப் பக்கத்திலிருக்கும் சிவகாசி அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியது. அந்தப் படங்களில் முருகனையும் லட்சுமியையும் விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் ஒரு தடவை பாருங்கள்: ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் நீலமாக மங்கும் மலை, ஓரத்தில் ஒரு தூண், தூணில் சுற்றிய கொடி. சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுமாப்பிள்ளையை நிறுத்தினால் அதுதான் ஸ்டூடியோ படம். கரிசல் காட்டில் ஏரியும் கிடையாது, நீல மலையும் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு முதல் நாள் படம் எடுக்க வருகிறவர்கள் அந்த ஏரிக்கரையில்தான் நிற்க ஆசைப்பட்டார்கள்.

அப்பாவின் ஸ்டூடியோவில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் கைப்பிடிச் சுவரோடு வளைந்து ஏறும் மாடிப்படி. அந்தப் படி எங்கேயும் போய்ச் சேராது. எட்டாவது படியில் துணி முடிந்துவிடும். இன்னொன்று நிலவும் தாமரைக்குளமும். காடாத் துணியில் வஜ்ரப் பசையோடு வெள்ளைப் பொடியைக் கலந்து அடித்து, அதன்மேல் எழுதியது. மழைக்காலத்தில் பசை நமுத்து, சுருட்டும் இடத்தில் வெடிப்பு விடும். வெடிப்பு விழுந்த பக்கத்தில் ஆளை நிறுத்திவிடுவது ஒரு தந்திரம். குடும்பப் படங்களில் அந்தக் காலத்துத் தாத்தாக்கள் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் அதற்கு மரியாதை முறை எதையும் தேட வேண்டாம். துணியைப் பாருங்கள்.

பின்னணி விஷயத்தில் நம் ஆட்கள் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது திரை அல்ல, கண்ணாடி. கோடையில் மல்லிகை மலிந்ததும் பெண் பிள்ளைகளுக்குப் பூத் தைத்து ஜடை அலங்காரம் செய்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிவருவார்கள். முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் ஜடையும் தெரிய வேண்டும். பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தினால் இரண்டும் ஒரே படத்தில் கிடைத்துவிடும். இதில் போட்டோகிராபருக்குத் தலைவலி என்னவென்றால், கண்ணாடி திரையையும் காட்டும், விளக்கையும் காட்டும், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருக்கும் அப்பாவையும் காட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, அதில் விழுகிற சுவர்ப் பகுதிக்கு மட்டும் சாம்பல் வண்ணம் அடித்துவைத்திருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். மாதிரிப் படங்கள் கைக்குக் கிடைத்தால் பாருங்கள். நான் முகங்களைப் பார்ப்பதில்லை. முதலில் பின்னால்தான் பார்ப்பேன்.

சேர்ப்புப் படம் என்று ஒரு வேலை இருந்தது. செத்துப்போன தகப்பனாரைத் தாயாருக்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் புருஷனை இங்கே இருக்கும் மனைவியோடு நிறுத்த வேண்டும். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குப் பெரிதுபண்ணி, ஓர் ஆளைப் பிளேடால் வெட்டி எடுப்பார்கள். வெட்டின விளிம்பைப் பின்பக்கமாக உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெங்காயச் சருகு கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டின பிறகு விளிம்பின் நிழல் விழும். ஒட்டி, இணைப்பை வெள்ளையும் கறுப்பும் கலந்து மூடி, மறுபடியும் படம் எடுத்தால் புது நெகட்டிவ் கிடைத்துவிடும். இதில் ஆளை வெட்டுவது பெரிய விஷயம் அல்ல. ஒருவர் பின்னால் மாடிப்படி, மற்றவர் பின்னால் வாழைத்தோட்டம் என்றால் என்ன செய்வது? இரண்டையும் அழித்து ஒரே சாம்பலாக்குவதுதான் வழி. ஊதியடிக்கிற பிரஷ் இருந்தால், தலையைச் சுற்றி வெளுப்பாகவும் ஓரத்துக்குப் போகப் போக இருட்டாகவும் அடிக்கலாம். பழைய வீடுகளில் மாலை போட்டுத் தொங்கும் படங்களில் அந்தச் சாம்பல் வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று நான் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை அத்தனைக்கும் அப்பாவின் அந்த மேஜையில் ஒரு முன்மாதிரி இருந்தது.

கலர் பிலிம் வந்ததும் நிறத்தின் ஆட்டம் வேறு மாதிரி ஆனது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பேப்பரில் கறுப்பு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவர்கள் கலர் ரோலை லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்படி ஆயிற்று. லேப் மெஷின் ஒரு படத்தில் இருக்கும் நிறங்களை எல்லாம் கூட்டினால் சராசரியாகச் சாம்பல் வரும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடும். பெரும்பாலான படங்களுக்கு அது சரிதான். பின்னால் முழுக்க நீலத் திரை கட்டி எடுத்தால், ‘நீலம் தூக்கல்’ என்று நினைத்து மெஷின் மஞ்சளைக் கூட்டிவிடும். முகம் காமாலைக்காரர் முகமாக வரும். பச்சைத் தோட்டம் அச்சடித்த சுவர்த்தாள் முன்னால் நின்றவர்கள் ரோஸ் பவுடர் அப்பியது போலத் திரும்பி வந்தார்கள். நல்ல லேப் ஆபரேட்டர் என்றால் பட்டனைத் தட்டிச் சரிசெய்வார். எல்லா இடத்திலும் நல்ல ஆபரேட்டர் இருப்பாரா? அதனால் கலர் வந்த பிறகும் விவரம் தெரிந்த ஸ்டூடியோக்காரர்கள் சாம்பலையும் மங்கிய பழுப்பையும் விடவில்லை. சுவிட்சர்லாந்து மலையும் இலையுதிர்காலக் காடும் அச்சடித்த சுவர்த்தாளைக் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் அதைக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் சினிமாவில் நீலம் வேறு ஒரு வேலைக்கு உட்கார்ந்திருந்தது. ஆளின் பின்னால் நீலத் திரை வைத்துப் படம் எடுத்து, அந்த நீலத்தை மட்டும் கழித்துவிட்டு, அங்கே வேறு காட்சியைப் பொருத்தும் முறை. 1940-ல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் லாரி பட்லர் அதைக் கலர் படத்தில் செய்து ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படத்தில் பாட்டிலிலிருந்து கிளம்பும் பூதத்தோடு நிற்கும் பையன் சாபு. மைசூர்ப் பக்கத்து யானைப் பாகனின் மகன். நீலத் திரை முன்னால் நிற்கவைத்து உலகத்துக்குக் காட்டிய ஆரம்பகால முகங்களில் ஒன்று தென்னிந்தியக் கறுப்பு முகம் என்பது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். எந்தத் தோலாக இருந்தாலும், வெளுப்போ கறுப்போ, அதில் சிவப்பு தூக்கலாகவும் நீலம் குறைவாகவும்தான் இருக்கும். அதனால்தான் நீலத்தைக் கழித்தால் முகம் தப்பிக்கிறது. பழைய தகட்டில் எந்தக் குணம் நம் முகத்தைக் கறுப்பாக்கியதோ, அதே குணம் இங்கே காப்பாற்றுகிறது.

பட்லரின் முறையில் தலைமுடி ஓரங்களில் நீலக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதைத் தீர்த்தவர் பெட்ரோ விளாஹோஸ். 1959-ல் வந்த ‘பென்ஹர்’ படத்துக்காக அவர் பிடித்த யோசனை சின்னதுதான். எங்கே நீலம் பச்சையைவிட அதிகமாக இருக்கிறதோ அது பின்னணி. ஆளின் மேல் எங்கேயும் நீலம் பச்சையைத் தாண்ட விடக்கூடாது. முடி, புகை, கண்ணாடி டம்ளர் எல்லாம் இதில் சுத்தமாகப் பிரியும். இப்படித் திரையைக் கழிக்கிற குரோமா கீ மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இன்றும் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. இதில் பலி கொடுக்க வேண்டிய நிறம் ஒன்று உண்டு: கத்தரிப்பூ. அதில் நீலம் பச்சையைவிட அதிகம். நீலத் திரை முன்னால் கத்தரிப்பூப் பட்டு கட்டிக்கொண்டு நின்றால் நீலம் வெட்டுப்பட்டு, புடவை செங்கல் நிறமாகும். ஹாலிவுட்டில் உடையை மாற்றச் சொல்லிவிடுவார்கள். முகூர்த்தப் புடவையை யார் மாற்றச் சொல்வது?

இந்த நீலம் எங்கள் பக்கத்துக்கு வந்தது சேர்ந்தாற்போல இரண்டு வழியில். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982-ல் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தது. பாடகர்கள் எங்கேயோ ஒரு கோபுரத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்று பாடுவதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். வீடியோ கேமராவும் டெக்கும் அதே சமயத்தில்தான் ஊர் ஊராகப் பரவின. கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது கௌரவம் ஆயிற்று. எடுத்ததை அப்படியே கொடுத்தால் மதிப்பில்லை. ‘மிக்ஸிங்’ பண்ண வேண்டும். இரண்டு டெக், ஒரு மிக்ஸர், டைட்டில் போட ஒரு கம்ப்யூட்டர். நான் அப்பாவின் இருட்டறையை விட்டு மிக்ஸிங் பக்கம் நகர்ந்தது அப்போதுதான்.

மிக்ஸரில் பின்னணிக் கலருக்கு ஒரு பட்டன் இருந்தது. தட்டத் தட்ட வெள்ளை, மஞ்சள், இளநீலம், பச்சை, ரோஸ், சிவப்பு, நீலம், கறுப்பு என்று வரும். டிவி ஸ்டேஷன்களின் கலர் பட்டையில் இருக்கிற அதே நிறங்கள். இடையில் ஒன்றும் கிடையாது. சந்தனமோ மாந்தளிரோ கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். இதய வடிவில் மணமக்களை வெட்டி, பின்னால் ஒரு கலரை வைப்போம். கல்யாணம் என்றால் சிவப்புத்தானே வைக்கத் தோன்றும்? விஎச்எஸ் டேப்பில் சிவப்பு நிற்காது. அந்த டேப் வெளிச்ச விவரத்தைச் சுமார் 240 வரி வரை வாங்கும். நிற விவரத்தை நாற்பதை ஒட்டித்தான் வாங்கும். நிறம் வெளிச்சத்தின் கோட்டைத் தாண்டி ஒழுகும், அதிலும் சிவப்பு கண்ணில் படுகிற மாதிரி ஒழுகும். காப்பிக்குக் காப்பி ஒழுக்கல் அதிகமாகும். பார்ட்டிக்குப் போய்ச் சேர்வது மூன்றாவது காப்பி. ஆகவே தமிழ்நாட்டுக் கல்யாண கேசட்டுகள் எல்லாம் ஒரே நீலமாக இருந்தன. அந்த நீலத்தைப் பார்த்து இன்றைக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் நீலத் துணியை மடித்துவைத்துவிட்டுப் பச்சைத் துணி வாங்கினோம். எல்லோரும் பச்சை என்றார்கள், வாங்கினோம். காரணம் பிறகுதான் புரிந்தது. சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக வடிகட்டிகள் பதித்திருப்பார்கள். கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதில் பாதிக் கட்டங்கள் பச்சை. மற்ற இரண்டுக்கும் கால் கால். மனிதக் கண் பச்சைக்குத்தான் அதிகம் விழிக்கும் என்பதால் அப்படி. வீடியோவில் வெளிச்சத்தைக் கணக்கிடும்போதும் பச்சைக்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பங்கு, நீலத்துக்குப் பதினொன்றுதான். பச்சைத் திரைக்கு விளக்கு குறைவாகப் போதும், ஓரம் சுத்தமாக வரும். மண்டபத்து வாடகை ஜெனரேட்டரில் விளக்கு எரிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பென்ஹருக்குக் கத்தரிப்பூ மாதிரி நமக்குக் கிளிப்பச்சை. ஹாலிவுட்காரன் பச்சைச் சட்டை போடாமல் இருந்துவிடலாம். பட்டில் பச்சை இல்லாமல் ஒரு தமிழ்க் கல்யாணத்தைக் காட்டுங்கள். சடங்கு வீட்டில் தாய்மாமன் எடுத்துவருகிற புடவையே பல இடத்தில் பச்சைதான். திரையோடு சேர்ந்து புடவையும் கழிந்துபோய், வெறும் தலையும் கையும் தாஜ்மகாலுக்கு முன்னால் மிதக்கும். புடவை தப்பித்தாலும் நகை மாட்டும். பொன் எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். ஒட்டியாணத்தில் பச்சை விழுந்து, இடுப்பில் ஓட்டை ஓட்டையாகப் பின்னால் இருக்கும் மலை தெரியும். மஞ்சள் பூசின கன்னத்தின் ஓரத்தில் பச்சை அடித்தால் முகமே பாசி பிடித்த மாதிரி ஆகும். ஆளைத் திரையிலிருந்து ஆறடியாவது தள்ளி நிறுத்த வேண்டும்; பளபளக்கிற சாட்டின் ஆகாது, மங்கல் துணிதான் வேண்டும். இரண்டு துணியையும் வண்டியில் போட்டுக்கொண்டு போய், பெண் என்ன கட்டியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் எதைக் கட்டுவது என்று முடிவு செய்வேன். “புடவை என்ன கலர்?” என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டதும் உண்டு. அது வேறு மாதிரி அர்த்தப்பட்டு, பெண்ணின் அண்ணன் கடைக்கே வந்துவிட்டான்.

இப்போது பஞ்சாயத்து நடக்கிற இடத்துக்கு வருகிறேன். வீடியோவுக்குள் போட்டோவை ஓடவிடுவது எடியஸ், ப்ரோஷோ மாதிரி மென்பொருள்கள் வந்த பிறகு பெரிய தொழிலானது. அதிலும் ப்ரோஷோ எங்கள் பக்கத்து மிக்ஸிங் கடைகளில் சாமிப் படம் மாதிரி இருந்தது. படம் சுழன்று வரும், புத்தகமாகப் புரளும், பூவிதழாக உதிரும். அதைச் செய்த போட்டோடெக்ஸ் 2020 ஜனவரி 31-ல் தொழிலை மூடியது. அந்த ஸ்டைல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எஃபெக்ட் எதுவாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு தொந்தரவு இருக்கிறது. ஆள் நின்றபடி எடுத்த போட்டோ நெட்டையாக இருக்கும். டிவியோ படுத்த வடிவம். முன்பு 4:3, இப்போது 16:9. படத்தை வைத்தால் இரண்டு பக்கமும் காலி. அந்தக் காலியில் என்ன வைப்பது?

கறுப்பு வைப்பதுதான் கண்ணுக்கு நல்லது, ஆனால் பாட்டி விடமாட்டாள். வெள்ளை வைத்தால் டிவி வெளிச்சத்தில் முகம் இருட்டாகும். அது தவிர, போட்டோஷாப்பின் வெள்ளை 255, வீடியோவின் வெள்ளை 235, அதைக் கவனிக்காவிட்டால் கண் கூசும். அரக்கு வைத்தால் அரக்குப் புடவை அதில் மூழ்கிவிடும். ஒரு கலரிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறுகிற மாதிரி வைத்தால் டிவிடியில் எழுதும்போது படிக்கட்டுப் படிக்கட்டாகப் பட்டை விழும். கடைசியில் எல்லோரும் வந்து சேர்ந்த இடம், அதே போட்டோவைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் போடுவது. இன்றைக்கு டிவி செய்திகளிலும் அதுதான். நான் அதில் வண்ணச் செறிவைப் பாதியாகக் குறைத்து, வெளிச்சத்தையும் இரண்டு படி இறக்குவேன். அப்படி இறக்கினால் வருவது என்ன நிறம் என்று பார்த்தால், அது வேறொன்றும் இல்லை. முன்னால் இருக்கிற முகத்துக்கும் துணிக்கும் பொருந்துகிற ஒரு சாம்பல்.

ஆல்பத்திலும் இதே கூத்து நடந்தது. கரிஷ்மா ஆல்பம் வந்த புதிதில் 12-க்கு 36 தாளில் அன்னம், நீர்வீழ்ச்சி, ரோஜா, தூண் எல்லாம் அடங்கிய ரெடிமேட் டிசைன்களை டிவிடியில் வாங்கி, ஆளை வெட்டி ஒட்டினோம். அந்தத் தூணுக்கும் அப்பாவின் திரைத் தூணுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பாஸ்போர்ட் படம் மட்டும் அடம்பிடித்து வெள்ளைக்குப் போய்விட்டது. நீலத் திரையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெள்ளைதான் வேண்டும் என்றார்கள். பிறகு சேவை மையத்திலேயே படம் எடுக்கத் தொடங்கி, சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் படம் கொண்டுவாருங்கள் என்றார்கள். முகத்தைப் பார்ப்பது இப்போது மெஷின். அதற்கு ஏரியும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

என் கடையில் வேலை பார்க்கிற பையன் துணியே கட்டுவதில்லை. மண்டபச் சுவர், ஏசி மெஷின், எவரோ ஒருவரின் முழங்கை எல்லாவற்றோடும் படம் எடுத்துவருகிறான். கம்ப்யூட்டரே ஆளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கிளிப்பச்சைப் புடவையும் தப்பிக்கிறது, கத்தரிப்பூவும் தப்பிக்கிறது. முகம், கை, வேட்டிக்கரை எல்லாம் சுத்தமாக வருகிறது. தலையில் தொங்கும் மல்லிகைச் சரத்தில் மட்டும் அது தடுமாறும்; பாதிப் பூவை ஆளோடு சேர்க்கும், பாதியைச் சுவரோடு கழித்துவிடும். பின்னால் வெள்ளைச் சுவராக இருந்தால் முழுதையும் கழித்துவிடும். அந்த இடத்தை நான் உட்கார்ந்து ஒவ்வொரு மொட்டாகக் கையால் மீட்டெடுக்கிறேன். பூ வைத்த தலைக்கு ஒரு படத்துக்கு நூறு ரூபாய் கூடுதல் என்று சுவரில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். இதுவரை யாரும் பேரம் பேசவில்லை.